பனி எப்போது தடையானது? – உழவு இயந்திரத்தின் குளிர்காலக் கதை

எங்கட ஊர்ப் பனிக்கு ஆரும் சவள் எடுத்ததில்லை. மார்கழி, தையில் விடியப்புறம் வயல் வரம்பில் நடந்தால் கால் நனையும். வெயில் ஏற அது போய்விடும். ஆனால் கனடாவில் வானத்திலிருந்து விழுந்து, மாதக்கணக்காகத் தரையிலேயே கிடக்கிற இன்னொரு சாமானுக்கும் நாங்கள் "பனி" என்றுதான் சொல்கிறோம். புலம்பெயர்ந்த எங்கட சனம் "சினோ தள்ளித் தள்ளி நாரி முறிஞ்சு போச்சு" என்று தொலைபேசியில் சொல்லும்போது எங்களுக்கு ஒரு நேரான கதை விளங்குகிறது. பனி வழியை மறித்தது. மனிசர் சவளால் அள்ளினார்கள். பிறகு இயந்திரம் வந்தது, வேலை லேசானது.

இந்தக் கதையில் அரைவாசிதான் சரி. கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் நாட்டுப்புறங்களிலும், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வெர்மொன்ட் போன்ற மாநிலங்களிலும் ஒரு காலத்தில் பனிதான் வழியாக இருந்தது. அதைத் தடையாக்கியது கார். தடையான பிறகு அதை அகற்றக் கைகொடுத்தது, வயலில் உழுதுகொண்டிருந்த உழவு இயந்திரம். இந்த மாற்றத்தோடு இன்னொன்றும் சத்தமில்லாமல் இடம் மாறியது: ஒரு ஊரின் றோட்டைத் திறந்து வைத்திருப்பது ஆருடைய கடமை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போகிறது.

பனியே றோட்டாக இருந்த காலம்

19ஆம் நூற்றாண்டின் ஒன்ராறியோ நாட்டுப்புறத்தை நினைத்துப் பாருங்கள். காடு வெட்டித் திறந்த மண் பாதை. வசந்தத்தில் பனி உருகினால் வண்டிச் சில்லு அச்சு வரை சேற்றில் புதையும். சதுப்பு நிலங்களில் மரக்குற்றிகளைக் குறுக்கே வரிசையாக அடுக்கி அதையே றோட்டு என்றார்கள். அதில் வண்டியில் போகிறவருக்கு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும்.

குளிர்காலம் வந்தால் எல்லாம் மாறும். சேறு கல்லாக இறுகும். ஆறும் குளமும் உறைந்து பாலமே தேவையில்லாத பாதையாகும். சில்லைக் கழற்றி வைத்துவிட்டுச் சறுக்கு வண்டியில் குதிரையைப் பூட்டினால், கோடையில் இழுக்க முடியாத பாரத்தை அதே குதிரை இழுக்கும். தானியத்தை ஆலைக்குக் கொண்டுபோவதும், விறகு ஏற்றுவதும், காட்டில் வெட்டிய மரத்தை ஆற்றங்கரைக்கு இழுப்பதும் பெரும்பாலும் குளிர்கால வேலைகள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வரவும் அதுதான் நல்ல காலம்.

அதனால் அந்த நாளில் பனியை அகற்ற ஆரும் விரும்பவில்லை, இறுக்கவே விரும்பினார்கள். வெர்மொன்ட், நியூ ஹாம்ப்ஷயர் கிராமங்களில் ஆளுயரத்தையும் தாண்டிய மர உருளைகளைப் பல குதிரைகள் பூட்டி இழுத்து, விழுந்த பனியை அழுத்திச் சம தளமாக்கினார்கள். அங்கே ஆறுகளுக்கு மேல் கூரை போட்ட மரப் பாலங்கள் இருந்தன. கூரைக்குக் கீழே பனி விழாது. சறுக்கு வண்டி வெறும் பலகையில் உரசி நிற்கும். ஆகவே வெளியில் கிடந்த பனியைச் சவளால் அள்ளிப் பாலத்துக்குள் கொண்டுபோய்ப் பரப்ப ஆள் வைத்தார்கள். றோட்டுக்குப் பனி போடச் சம்பளம்! இண்டைக்கு அங்கே போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கியூபெக்கில் முறை கொஞ்சம் வேறு. ஒவ்வொரு குடியானவரும் தன் நிலத்துக்கு முன்னால் போகும் பாதையைத் தானே பார்க்கவேண்டும். பனியில் பாதையும் வயலும் ஒரே வெள்ளையாகிவிடும் என்பதால், வழி தெரிய இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஊசியிலை மரக் கிளைகளை நட்டுவைப்பதும் அவர்களுடைய பொறுப்பு. புயலில் மாட்டுப்பட்ட பயணிக்கு அந்தக் கிளைகள்தான் உயிர்.

அங்கே ஓடிய தாழ்வான சறுக்கு வண்டிகள் பனியை முன்னால் தள்ளித் தள்ளிப் பாதை முழுக்க மேடு பள்ளம் ஆக்கின. 1840 அளவில் பிரித்தானிய ஆளுநர் சிடனம் பிரபுவின் நிர்வாகம், வண்டியின் அமைப்பையே மாற்றச் சொல்லிச் சட்டம் போட்டது. பிரெஞ்சு மொழி பேசிய குடியானவர்கள் கிளர்ந்தார்கள். தங்கள் பனியில் தங்கள் வண்டி எப்படி ஓடவேண்டும் என்பதை வெளியிலிருந்து வந்தவன் சொல்வதா என்பதுதான் அவர்களுடைய கோபம். பனிப்பாதை அந்தளவுக்கு அரசியலான விசயமாக இருந்தது.

றோட்டு வேலையும் கட்டாய உழைப்பும்

இந்தப் பாதைகளை ஆர் பார்த்தார்கள்? மேல் கனடாவில், அதாவது இன்றைய ஒன்ராறியோவில், 1793 இல் வந்த ஒரு சட்டத்தின்படி ஊரவர்கள் வருடத்தில் குறித்த நாட்கள் றோட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்யவேண்டும். ஊருக்கு ஊர் ஒரு மேற்பார்வையாளர். அவரும் அயலட்டைக் குடியானவர்தான். அவர் கூப்பிட்டால் சவளோடும் குதிரையோடும் போகவேண்டும்.

இந்த ஏற்பாடு எங்களுக்கும் அந்நியமானதல்ல. அதே பேரரசு, இலங்கையில் 1848 இல் றோட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் றோட்டில் வேலை செய்யவேண்டும், இல்லாவிட்டால் மூன்று சிலிங் கட்டவேண்டும். பிக்குமாரையும் அது விட்டுவைக்கவில்லை. வேறு வரிகளோடு சேர்ந்து இந்தச் சட்டம் மூட்டிய கோபம்தான் அதே வருடம் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு ஒரு காரணம். கோப்பித் தோட்டக்காரருக்குப் பயன்படும் றோட்டுக்குத் தாங்கள் ஏன் உழைக்கவேண்டும் என்று கண்டியச் சனம் கேட்டது நியாயமான கேள்விதானே?

இரண்டு நாட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒன்ராறியோக் குடியானவர் வெட்டிய றோட்டு பெரும்பாலும் அவருடைய படலைக்கு முன்னாலேயே ஓடியது. முணுமுணுத்தாலும் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. புயல் அடித்து ஓய்ந்த காலையில் இந்த ஏற்பாட்டின் நல்ல முகத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் சவளோடு இறங்கி, தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பார்கள். வழி திறப்பதும் அயலவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதும் ஒரே வேலையாக நடந்தது.

கார் வந்தது, பனி எதிரியானது

1908 இல் ஃபோர்ட் நிறுவனத்தின் மொடல் ரீ கார் வெளிவந்தது. கனடாவில் நாட்டுப்புற வீடுகளுக்குத் தபாலைக் கொண்டுவந்து கொடுக்கும் சேவையும் அதே வருடம் தொடங்கியது. றோட்டின் அர்த்தம் மாறத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

ஆரம்பத்தில் கார் கோடைகாலச் சாமான். குளிர் தொடங்க, தண்ணீரை வடித்து, பட்டறியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, காரைக் கட்டைகளில் ஏற்றிக் கொட்டிலில் நிறுத்திவிடுவார்கள். வசந்தம் வரை சறுக்கு வண்டிதான். ஆனால் காருக்குப் பழகிய கால் எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கும்? 1920களில் பெரிய நெடுஞ்சாலைகளில் பனியை வழித்துத் தள்ளத் தொடங்கினார்கள். அங்கேதான் சிக்கல். காருக்கு வெறும் தரை வேணும். சறுக்கு வண்டிக்குப் பனி வேணும். வழித்த றோட்டில் சறுக்கு வண்டி கல்லில் கிறீச்சிடும். இறுக்கிய பனியில் கார் புதையும். ஒரே றோட்டில் இரண்டும் ஓட முடியாது. கடைசியில் வென்றது கார்.

வென்றாலும் அது நாட்டுப்புறம் முழுக்க ஒரேயடியாகப் பரவவில்லை. நகரத்து றோட்டு திறந்தது, கிராமத்து றோட்டு மூடிக் கிடந்தது. அந்த இடைவெளியின் விலை என்ன என்பதைக் கியூபெக்கின் வல்கூர் என்ற ஊர் காட்டியது. அங்கே கராஜ் வைத்திருந்த ஜோசப் அர்மண்ட் பொம்பார்டியே பதினைந்து வயதிலிருந்தே பனியில் ஓடும் வண்டி செய்யும் யோசனையில் திரிந்தவர். 1934 தையில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. ஆஸ்பத்திரி ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு அப்பால், ஷேர்புறூக்கில். றோட்டு பனியில் மூடிக் கிடந்தது. அவர் செய்துகொண்டிருந்த வண்டி ஓடும் நிலையில் இல்லை. பிள்ளை இறந்துபோனது.

அதன்பின் சங்கிலிப் பட்டியில் ஓடும் தன் பனி வண்டிக்கான காப்புரிமையை 1937 இல் பெற்றார். அந்த வண்டிகள் டொக்டரையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றி ஓடின. பிறகு 1940களின் இறுதியில் கியூபெக் அரசு கிராமத்து றோட்டுகளையும் குளிர்காலத்தில் திறந்து வைக்கத் தொடங்கியது. றோட்டு திறந்தால் பனி வண்டி எதற்கு? அவருடைய விற்பனை சரிந்தது. பிறகு காட்டு வேலைக்கான வாகனங்களுக்கு மாறி, 1959 இல் உல்லாசத்துக்கான ஸ்கி-டூவைக் கொண்டுவந்தார். வழி மூடிக் கிடந்த கொடுமையில் பிறந்த இயந்திரத்தை, வழி திறந்தது விளையாட்டுச் சாமானாக்கிவிட்டது.

அதே கியூபெக்கில் ஆர்தர் சிகார் என்ற இன்னொருவர். 1876 இல் பாற்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பனி விழுந்தால் பால் சந்தைக்குப் போகாது என்ற கவலையைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். தானியத்தை உள்ளிழுத்து வைக்கோலை வெளியே வீசும் சூடடிக்கிற மிசினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். தானியத்தை அப்படி வீசலாம் என்றால் பனியை ஏன் வீச முடியாது? 1925 இல் இயந்திரம் ஓடியது. 1927 இல் மொன்றியலுக்குப் பக்கத்து ஊட்ரமொன்ட் நகரம் அதை வாங்கியது. பனியை ஒதுக்கித் தள்ளாமல் அள்ளித் தூர எறியும் இயந்திரம் றோட்டுக்கு வந்தது இப்படித்தான். விவசாயம் பனிக்குக் கொடுத்த முதல் கடன் அது.

காற்று செய்கிற வேலை

உழவு இயந்திரத்துக்கு முன்னால், அது எதோடு மோதுகிறது என்று பார்க்கவேண்டும். நாட்டுப்புறத்தில் பெரிய பிரச்சினை விழுகிற பனியைவிட, விழுந்த பிறகு காற்று தூக்கிக்கொண்டு வந்து குவிக்கிற பனிதான்.

எங்கட கடற்கரை மணலைப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். சோளகம் அடித்தால் மணல் தரையோடு தரையாகத் துள்ளித் துள்ளி ஓடி, வேலியோ பற்றையோ வந்த இடத்தில் படிந்து மேடாகும். பனியும் அப்படியே. காற்று எங்கே வேகம் குறைகிறதோ அங்கே பாரத்தை இறக்கிவிடுகிறது: வேலிக்குப் பின்னால், வீட்டின் மறைவில், வயலைவிடத் தாழ்ந்து ஓடும் றோட்டில். ஓடும்போது துகள்கள் மோதி உடைந்து பொடியாகும். பொடி நெருக்கமாக அடுக்கி ஒன்றோடொன்று ஒட்டும். புதிதாக விழுந்த பனி ஒரு கனமீற்றர் 100 கிலோ அல்லது அதற்கும் குறைவு. காற்று குவித்தது 300 கிலோவையும் தாண்டும். மேலே ஏறி நடக்கலாம், கத்தியால் வெட்டலாம். சவளுக்கு அது அசையாது.

1947 இன் தொடக்கத்தில் சஸ்காட்சுவானில் அடித்த புயலில், ஒரு புகையிரதம் ஒரு கிலோமீற்றர் நீளமும் 8 மீற்றர் ஆழமுமான பனிக்குவியலுக்குள் புதைந்தது. 1977 தை 28 இல் அமெரிக்காவின் பஃபலோ நகரையும் ஒன்ராறியோவின் நயாகராப் பக்கத்தையும் தாக்கிய புயலில் புதிதாக விழுந்த பனி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்தான். ஆனால் உறைந்து கிடந்த ஈரி ஏரியின் மேல் வாரக்கணக்கில் சேர்ந்திருந்த பனியைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து, வீட்டுக் கூரை உயரத்துக்கு மேடு கட்டியது.

இதற்கு இயந்திரம் இல்லாத மருந்தும் உண்டு: பனி வேலி. பாதி மறைப்பும் பாதி இடைவெளியுமான வேலிதான் நன்றாக வேலை செய்யும். முழுச் சுவர் காற்றைச் சுழற்றிவிடும். இடைவெளி உள்ள வேலி காற்றைக் களைக்க வைத்து, தன் பின்னால் பனியை இறக்கச் செய்யும். அந்தக் குவியல் வேலியின் உயரத்தைப்போல 35 மடங்கு தூரம் வரை நீளும். ஆகவே வேலியை றோட்டோரம் போட்டால் குவியல் றோட்டிலேயே விழும். தள்ளி, வயலுக்குள் போடவேண்டும். மின்னசோட்டாவில் அறுவடையின்போது றோட்டுப் பக்கமாகச் சில வரிசை சோளத்தை வெட்டாமல் விட்டுவைக்க விவசாயிக்கு அரசு காசு கொடுக்கிறது. நிற்கிற சோளமே வேலி.

வயலில் இருந்து வந்த கை

இனி எங்கட பழைய சிநேகிதன். 1917 இல் வந்த ஃபோர்ட்சன் போன்ற ஆரம்ப உழவு இயந்திரங்கள் மலிவாக இருந்தாலும் பனிக்கு உதவவில்லை. இரும்புச் சில்லும் அதில் பல்லும். மண்ணைப் பிடிக்கும், உறைந்த றோட்டில் சறுக்கும். கிராமச் சபைகள் பாவித்தது சங்கிலிப் பட்டியில் ஓடும் பெரிய இயந்திரங்களை. முன்னால் ஆப்பு வடிவத் தகடு பூட்டிப் பனியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். விலை அதிகம், ஊருக்கு ஒன்று இருந்தால் பெரிய விசயம்.

சாதாரண விவசாயியின் இயந்திரத்தைக் குளிர்காலத்துக்கும் தயார்ப்படுத்தியவை மூன்று மாற்றங்கள். முதலாவது, இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு. நாங்கள் பீ.ரீ.ஓ. என்று சொல்வது. இது 1918 அளவில் சந்தைக்கு வந்தது. இரண்டாவது, காற்று நிரப்பிய இறப்பர் ரயர். 1932 இல் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் அதை உழவு இயந்திரத்தில் பூட்டி விற்கத் தொடங்கியது. மூன்றாவது, அயர்லாந்தில் பிறந்த ஹரி ஃபேர்குசனின் மூன்று புள்ளிப் பிடி. ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கிச் செய்த உடன்பாட்டின் பேரில் 1939 இல் வந்த இயந்திரத்தில் அது இருந்தது. கருவியை இழுத்துக்கொண்டு போகாமல், ஹைட்ரோலிக் கைகளால் தூக்கவும் இறக்கவும், அதன் பாரத்தைப் பின்சில்லில் ஏற்றவும் அது வழிசெய்தது. கலப்பையைக் கழற்றித் தகடு பூட்டினால் வயல் இயந்திரம் பனி இயந்திரம்.

ஃபேர்குசனின் நிறுவனம் 1953 இல் ரொறன்ரோவைத் தலைமையகமாகக் கொண்ட மெசி-ஹரிஸோடு இணைந்தது. 1958 இலிருந்து அதன் பெயர் மெசி ஃபேர்குசன். ஓம், வன்னியில் உழுது, சூடு மிதித்து, நெல் ஏற்றி, சனத்தையும் ஏற்றிய அதே மெசிதான். அந்தப் பெயரின் பாதி ஒன்ராறியோப் பனியில் பிறந்தது. 1958 தை 4 ஆம் திகதி எட்மண்ட் ஹிலரியின் குழு தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சங்கிலிப் பட்டி பூட்டிய ஃபேர்குசன்களில்தான்.

பனியில் இந்த இயந்திரத்தை ஓட்டுவது தனிக் கலை. ரயருக்குச் சங்கிலி கட்டவேண்டும். பாரத்துக்காக ரயருக்குள்ளேயே உறையாத உப்புக் கரைசல் நிரப்புவார்கள். இரவில் இயந்திரத்தை மின்சாரத்தில் செருகிச் சூடாக வைக்காவிட்டால் விடிய அது முழிக்காது. கூண்டு இல்லாத பழைய இயந்திரங்களில், இயந்திரச் சூடு ஓட்டுநர் பக்கம் வரக் கன்வஸ் துணியைச் சுற்றிக் கட்டினார்கள்.

தகடா, வீசும் இயந்திரமா என்பது இன்னொரு கணக்கு. தகடு கெதியானது. ஆனால் தள்ளிய பனி பாதையின் இரண்டு பக்கமும் வரம்பாக நிற்கும். அந்த வரம்பே அடுத்த காற்றுக்கு வேலியாகி இன்னும் பனியைப் பிடிக்கும். அதனால் அனுபவசாலிகள் முதல் பனியிலேயே தேவைக்கு மேல் அகலமாகத் தள்ளிவைப்பார்கள்: மாசியில் விழப்போவதற்கு மார்கழியிலேயே இடம். வீசும் இயந்திரம் மெதுவானது, ஆனால் பனியைத் தூர எறிந்துவிடும், வரம்பு விடாது. அது பீ.ரீ.ஓ.வில் ஓடுவதால் பெரும்பாலும் பின்னால் பூட்டப்படும். ஆகவே மணிக்கணக்காகப் பின்னோக்கி ஓட்டவேண்டும், கழுத்தைத் திருப்பியபடி. கல்லோ கட்டையோ மாட்டினால் இயந்திரம் உடையாமலிருக்க, முதலில் உடையவென்றே ஒரு மெல்லிய ஆணி வைத்திருப்பார்கள். உறைகுளிரில் கையுறையைக் கழற்றி அந்த ஆணியை மாற்றுவதுதான் இந்த வேலையில் எல்லோரும் திட்டுகிற கட்டம்.

ஆபத்தும் அங்கேதான். பீ.ரீ.ஓ. தண்டு நிமிசத்துக்கு 540 தரம் சுற்றும். அதாவது ஒரு செக்கனுக்கு ஒன்பது தரம். தொங்குகிற ஒரு கழுத்துத் துணி போதும். அடைபட்ட பனியைக் கையால் இழுக்கப்போய் விரல்களை இழந்தவர்கள் உண்டு. வேலை லேசானது உண்மை. ஆனால் கூட்டமாகச் சவளோடு நின்ற இடத்தில் இப்போது ஒரு ஆள் தனிய நிற்கிறார். ஏதும் நடந்தால் பார்க்க ஆள் இல்லை.

படலை வாசலில் ஒரு வரம்பு

இப்போது கடமைக் கேள்விக்கு வருவோம். கட்டாய உழைப்பு மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. வரி கட்டினால் போதும், றோட்டை அரசோ ஊராட்சியோ பார்க்கும் என்றானது. நல்ல விசயம்தான். வயதானவரும், தனித்து வாழும் பெண்ணும், நோயாளியும் சவளோடு வரவேண்டியதில்லை. பள்ளி பஸ் வரும், பால் லொறி வரும், அம்புலன்ஸ் வரும்.

ஆனால் எல்லா றோட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. ஒன்ராறியோவின் 239/02 இலக்க ஒழுங்குவிதி, ஓடும் வாகனத் தொகையையும் வேகத்தையும் வைத்து றோட்டுகளை ஆறு வகுப்பாகப் பிரிக்கிறது. முதலாம் வகுப்பில் பனி 2.5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் 4 மணித்தியாலத்துக்குள் அகற்றவேண்டும். மூன்றாம் வகுப்பில் 8 சென்ரிமீற்றர், 12 மணித்தியாலம். ஐந்தாம் வகுப்பில் 10 சென்ரிமீற்றர், 24 மணித்தியாலம். ஆறாம் வகுப்புக்கு எந்த அளவும் விதிக்கப்படவில்லை. கணக்குப்படி இது நியாயம்: கன வாகனம் ஓடும் றோட்டை முதலில் பார். ஆனால் ஆறாம் வகுப்பு றோட்டின் கடைசி வீட்டில் இருக்கிறவருக்கும் நெஞ்சுவலி வரும்.

அடுத்தது, றோட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வழி. எங்கட ஆக்கள் அங்கே "ட்ரைவ்வே" என்று சொல்வது. ஒரு பண்ணை வீட்டில் அது எங்கட ஒழுங்கை ஒன்றின் நீளத்துக்குப் போகும். அது தனியார் சொத்து, அரசு தொடாது. போதாக்குறைக்கு, றோட்டை வழித்துக்கொண்டு போகும் பெரிய வாகனம் பனியைப் பக்கத்துக்குத் தள்ளும்போது, ஒவ்வொரு வீட்டு வாசலையும் அடைத்து ஒரு வரம்பு விட்டுவிட்டுப் போகும். காலையில் ஒரு மணித்தியாலம் முறிந்து துப்பரவாக்கிய வாசலை அது ஒரு செக்கனில் மூடிவிடும். அந்த வரம்பைத் திரும்ப றோட்டில் தள்ளவும் ஏலாது. ஒன்ராறியோ வீதிப் போக்குவரத்துச் சட்டம் அதைத் தடுக்கிறது. பொதுச் சேவை விட்டுப்போன மிச்சத்தைத் தனிமனிதர் தன் வளவுக்குள்தான் வைத்திருக்கவேண்டும்.

கனடா நாட்டுப்புறத்தில் அரசின் கடமை முடியும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம் என்றால், அது அந்த வரம்புதான்.

அந்த இடத்தில் இன்றைக்கும் வந்து நிற்பது பெரும்பாலும் அயலவரின் உழவு இயந்திரம். தன் வழியைத் திறந்துவிட்டு, போகிற போக்கில் பக்கத்து வீட்டுக் கிழவியின் வாசலையும் தள்ளிவிட்டுப் போகிற விவசாயி அங்கே எல்லா ஊரிலும் உண்டு. பதிலுக்கு ஒரு பணியாரம், ஒரு போத்தல் பழப்பாகு, கோடையில் ஒரு கை உதவி. சில இடங்களில் அதுவே காசுக்குச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாகவும் ஆகிவிட்டது. சட்டம் எதுவும் அந்த அயலவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் இயந்திரத்தை விற்றால், மூப்படைந்தால், பண்ணை பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனால், அந்த வாசலை ஆர் திறப்பது என்பதற்கும் சட்டத்தில் பதில் இல்லை.

வரலாற்றைப் படிக்கும்போது நாங்கள் அடிக்கடி இயந்திரத்தை எண்ணுகிறோம்: எந்த வருடம், எத்தனை குதிரைவலு, ஆர் கண்டுபிடித்தது. அந்த விபரங்கள் தேவைதான். அதோடு, அந்த இயந்திரம் ஆருடைய தோளிலிருந்த பாரத்தை எடுத்து ஆருடைய தோளில் வைத்தது என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும். மாத்தளையில் 1848 இல் எழுந்த சனமும், சிடனத்தின் சட்டத்தை மறுத்த கியூபெக் குடியானவரும் கேட்டது இதைத்தான். அவர்கள் எதிர்த்த கட்டாயம் போய்விட்டது, போனது நல்லது. அதோடு சேர்ந்து, புயல் ஓய்ந்த காலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்த அந்த ஆட்களும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது ஒரு உழவு இயந்திரமும், அதை ஓட்டுகிறவரின் மனமும்.